தொழில் தெரிந்த யாருக்கும்

விசாரணை அறையின் சன்னல் வெயிலில், மேசைமேல் கிடக்கும் மெத்தை நுரைத் துண்டு ரொட்டிபோல மஞ்சளாகத் தெரிகிறது. அதன் காப்புரிமையை ரத்துசெய்யக் கோரும் கம்பெனிக்குச் சாட்சியாக வந்திருக்கும் வேதியியலாளர், சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் ஒப்பிக்கிறார்: "கலவையில தண்ணிய ரெண்டு தடவையா பிரிச்சு ஊத்தினா நுரை அமுங்காது. தொழில் தெரிஞ்ச யாருக்கும் தோணக்கூடியதுதாங்க. அதுக்கெல்லாம் காப்புரிமை செல்லாது." எதிரே, அதைக் கண்டுபிடித்தவள் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு காலத்தில் அவரோடு ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். குரலை உயர்த்தாமல் கேட்கிறாள்: "அப்போ நாம ரெண்டு பேரும் வருஷக்கணக்கா ஏண்ணா முட்டி மோதினோம்? ஊத்தினதெல்லாம் காத்துப்போன பலூன் மாதிரி அமுங்கிச்சே." மின்விசிறி காகிதங்களைப் படபடக்க வைக்கிறது. அவருடைய காது மடல்கள் சிவக்கின்றன. கைக்குட்டையைத் தேடிப் போன கை சட்டைப்பையின் வாயிலேயே நின்றுவிடுகிறது. "பதில் சொல்லுங்க," என்கிறார் விசாரணை அதிகாரி. கம்பெனி வக்கீல் தொண்டையைக் கனைக்கிறார். "எனக்குத் தோணலைங்க," என்கிறார் வேதியியலாளர், தரையைப் பார்த்தபடி. "நான் வேலைய விட்டுப் போனப்புறம் இவதான் கண்டுபிடிச்சா." வக்கீல் பேனாவை மூடும் சத்தம் அறை முழுக்கக் கேட்கிறது. அவள் முகத்தில் ஜெயித்த களையே இல்லை. "குடிங்கண்ணா," என்று தன் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்துகிறாள். அவருக்கு நாக்கு வறண்டு கிடக்கிறது. ஆனாலும் குவளையைத் தொட அவருக்குக் கை வரவில்லை.