ஸ்டாப் கணக்கு

"இன்னொரு தடவ நிப்பாட்டுனா, அடுத்த மாசம் கன்னியாகுமரி ரைடுக்கு அந்தம்மா பேரு கெடையாது. சொல்லிட்டேன்!"

கேப்டன் சிவசுப்பிரமணியன் ஹேண்டில்பார ஓங்கிக் குத்துனாரு. பெல்லு தன்னால 'டிங்'குன்னுச்சு.

தென்காசி சைக்கிள் கோஷ்டிக்கு அவருதான் கேப்டன். ஞாயித்துக்கெழம விடியமுன்ன கெளம்பி, ராயகிரி வர மிதிச்சி, திரும்பி வந்து குத்தாலத்து அருவியில தலையக் குடுத்தாத்தான் அவருக்கு அந்த வாரம் செமிக்கும்.

கெளம்புமுன்ன ஒரு உபதேசம் உண்டு. தொண்டையக் கனைச்சிக்கிட்டு டிவி டாக்டரு மாதிரி ஆரம்பிப்பாரு.

"தாகம் எடுக்குமுன்ன குடிக்கணும். பசிக்குமுன்ன திங்கணும். ஹைட்ரேஷன்! ஹைட்ரேஷன் ரொம்ப முக்கியம்!"

சும்மா சொல்லக் கூடாது. ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணி, உப்பு சக்கரப் பொடி, கடலமிட்டாய், வாழப்பழம்னு எல்லாத்தயும் தடவிப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுக்க விடுவாரு.

இந்த வாரம் உபதேசம் கொஞ்சம் நீளம். காரணம் அபர்ணா. மருந்துக்கடையில வேல பாக்குத பிள்ள, கோஷ்டிக்குப் புதுசு. போன வாரம் பண்பொழி பக்கம் போகும்போது சைக்கிளோட மயங்கிச் சாஞ்சிட்டா. பாத்தா, ரெண்டு பாட்டில்லயும் தண்ணி கழுத்து வர அப்படியே இருக்கு.

"ஏம்மா, மருந்து குடுக்குத நீயே தண்ணி குடிக்காம விழுந்தா எப்படி?"

"தாகமே எடுக்கல சார்"னு தரையப் பாத்தா.

"எடுக்குமுன்ன குடிக்கணும்னுதான தொண்ட கிழியச் சொல்லுதேன்!"

இன்னைக்கு அவ குடிச்சா. நல்லாவே குடிச்சா. கேப்டனுக்கு ஒரே பெரும. உபதேசம் வேல செய்யுதுல்லா!

எரிச்சல் எல்லாம் ஏட்டம்மா மேலதான். நிர்மலாதேவி, போலீஸ்ல ஏட்டு. கோஷ்டியில அபர்ணாவ விட்டா இன்னொரு பொம்பள இவிய மட்டுந்தான்.

கடையநல்லூர்ல பெட்ரோல் பங்கக் கண்டதும் கையத் தூக்கிட்டாவ.

"நிப்பாட்டுங்க. எனக்குப் பாத்ரூம் போணும்."

புளியங்குடியில தெரிஞ்சவிய வீடு. வாசுதேவநல்லூர்ல போலீஸ் ஸ்டேஷன். ஒவ்வொரு தடவயும், "ஏட்டி அபர்ணா, தொணைக்கி வா"ன்னு அந்தப் பிள்ளையவும் இழுத்துக்கிட்டுப் போயிருதாவ. ஆம்பளைய பூரா வெயில்ல காயணும். கோஷ்டியோட சராசரி வேகம் படுத்தே போச்சு. கேப்டன் ஹேண்டில்பாரக் குத்துனது அங்கன வச்சித்தான்.

"என்ன ஏட்டம்மா, டேங்க்ல ஓட்டையா?"ன்னான் குத்தாலிங்கம். எல்லாவனும் சிரிச்சான்.

"ஆமாலே. ஒன் வாயி மாதிரி. மூடவே மாட்டேங்கு."

சிரிப்பு அப்படியே குத்தாலிங்கம் பக்கம் திரும்பிட்டு.

அப்ப கேப்டன் வழியில எங்கயுமே நிக்கலையான்னு கேக்காதீய. போகும்போது ஒருக்க, வரும்போது ஒருக்க, சைக்கிள ஓரமாச் சாச்சிட்டுப் புளியமரத்துக்குப் பின்னால போயிட்டு வந்தாரு. கூடவே கோஷ்டியில பாதிப் பேரு. அதெல்லாம் ஸ்டாப் கணக்குல வராது.

மேலகரம் வந்தாச்சு. குத்தாலம் கூப்புடுத தூரம். அருவித் தண்ணி இப்பவே உச்சந்தலையில தொம்முன்னு விழுத மாதிரி இருக்கு கேப்டனுக்கு. சந்தோசமாத் திரும்பிப் பாத்தா, ஏட்டம்மாவயும் காணல, அபர்ணாவயும் காணல.

"அவ்வளவுதான். பேர வெட்டியாச்சு!"

சைக்கிளத் திருப்பிக்கிட்டு வந்தாரு. ஒரு வீட்டு வாசல்ல, வேப்பமரத்தடியில ஏட்டம்மா நிக்குதாவ. ரெண்டு கையிலயும் ரெண்டு சைக்கிளு.

"இது யாரு வீடு?"

"தெரியாது. கதவத் தட்டுனேன். தொறந்தாவ."

"தெரியாத வீட்லயா! ஏம்மா, ஒரு மனுசிக்கி எத்தன தடவதான் வரும்?"

"வார தடவ."

"கொஞ்சம் அடக்கக் கூடாதா?"

"எதுக்கு அடக்கணும்? குடி குடின்னு சொன்னீய. குடிச்சாச்சு. குடிச்சது பின்ன எங்க போவும்?"

"கன்னியாகுமரிக்கி நீங்க வர வேண்டாம்."

"வருவேன். அங்கயும் நிப்பேன். ஒங்க சராசரி வேகம் படுத்துட்டுன்னா, தட்டி எழுப்பிக்கிடுங்க."

கேப்டனுக்கு மூக்கு வெடச்சிட்டு. பதிலுக்கு வாயத் தொறக்குததுக்குள்ள வீட்டுக் கதவு தொறந்துச்சு. மொகத்தத் தொடச்சிக்கிட்டே அபர்ணா வந்தா. மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ன கேப்டன் அவ கண்ணுல படல.

"அக்கா, நான் போயிட்டு வந்துட்டேன். நீங்க இப்பவாது போங்க. காலேல இருந்து ஒரு எடத்துலயும் நீங்க உள்ளயே போகலையே!"

"பந்தோபஸ்துல நின்னு பழகுன ஒடம்புட்டீ. இது தாங்கும்."

"எனக்குச் சொல்லக் கூச்சமா இருக்குன்னு, நீங்கல்லாக்கா எல்லார்ட்டயும் ஏச்சு வாங்குதீய."

"ஏசுனா ஏசிட்டுப் போறான். நீ பாட்டில எடுத்துக் குடி."

அபர்ணா அண்ணாந்து கடகடன்னு குடிச்சா. குடிச்சி முடிச்சிக் குனிஞ்சப்பதான் கேப்டனப் பாத்தா. கையி அப்படியே நின்னுட்டு.

கேப்டன் தொண்டையக் கனைச்சாரு. இருமல்தான் வந்துச்சு.

ஏட்டம்மா தன்னோட பாட்டிலக் கழத்தி அவரு கையில குடுத்தாவ.

"குடிங்க அண்ணாச்சி. ஒங்களுக்குத்தான் வழி பூரா புளியமரம் இருக்கே!"