ஓவர்டைம்

கும்மிடிப்பூண்டி செல்போன் கம்பெனியின் வெள்ளை வெளிச்சத்தில் நீலக் கோட்டுப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். வரிசைக் கடைசியில் ஷமீமா ஒவ்வொரு போனையும் காதில் வைத்து, மணி அடிக்கிறதா என்று கேட்டு அனுப்புகிறாள். பழவேற்காட்டில் அவளைப் பெற்ற அத்தா காலையில் இறந்துபோனார். இருட்டுவதற்குள் அடக்கம் என்று கம்பெனி வாசல் கேட்டுக்குச் செய்தி வந்திருக்கிறது. "லைன் நிக்கக் கூடாது. லோடு ஏறட்டும், அப்புறம் அவகிட்ட சொல்லிக்கலாம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் தசரதன் அவள் பக்கத்தில் போய் நிற்கிறான்.

"இன்னாண்ணா, மூஞ்சி தொங்கிப் போய்க்கீது?"

"ராத்திரி வரைக்கும் ஓவர்டைம் பாக்கணும்மா."

அவள் சிரிக்கிறாள். "என் போனு கேட்டுல கீது. நீங்களே அத்தாவுக்கு அடிச்சி, லேட்டாவும்னு சொல்லிடுங்கண்ணா. பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு இருப்பாரு."

"சொல்லிடறேன்" என்கிறான் தசரதன்.

அவள் அடுத்த போனைக் காதில் வைக்கிறாள். மணி அடிக்கிறது.