சிறப்பு விருந்தினரின் பொன்னாடை

கஞ்சா மூளையை என்ன செய்யும் என்று மூளை நிபுணர் டாக்டர் தணிகைவேல் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார். இல்லாத குரல் கேட்குமாம், பெற்றவரே எதிரியாகத் தெரிவாராம். கூட்டம் உச்சுக்கொட்டியது.

கஞ்சாவில் புத்தி கலங்கிய தன் மகன் இளங்கீரனை மாடியறையில் பூட்டிவைத்துவிட்டு, கனடாவில் படிக்கிறான் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார் அவர். அந்த மகன்தான் பூட்டை உடைத்துக்கொண்டு இப்போது மண்டபத்துக்குள் வந்தான். தாடியும் எலும்புமாக இருந்தவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. நேரே மேடையேறி, வர்த்தகர் சங்கம் போர்த்திய பொன்னாடையின் இரு முனைகளையும் பிடித்து டாக்டரின் கழுத்தை இறுக்கினான்.

"என் தலைக்குள்ள ஓயாம பேசுறது நீதானே? நிறுத்துறியா இல்லியா?"

டாக்டரின் மூக்கிலிருந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் வழிந்தது.

"விழிப்புணர்வு நாடகம் கடைசியிலதானே? அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டானுங்களா?" என்றார் சங்கத் தலைவர்.

"பையன் பிச்சு ஒதறுறான்ணே" என்றார் செயலாளர்.

போட்டோக்காரர் ஓடிவந்தார். "தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கமாத் திருப்பி நெரிங்க. சார் மொகம் மறையுது."

ரத்தத்தைப் பார்த்ததும் செயலாளருக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. மைக்கை டாக்டரின் வாயருகே நீட்டினார்.

"சார், இது நாடகந்தானுங்களே?"

பிடி ஒரு கணம் தளர்ந்தது. 'இல்லை' என்று சொன்னால் ஐம்பது பேர் பாய்ந்து காப்பாற்றுவார்கள். காப்பாற்றிவிட்டு, இவன் யார் என்றும் கேட்பார்கள்.

டாக்டர் பிதுங்கிய கண்களோடு புன்னகைத்தார். இரு கைகளையும் உயர்த்தித் தட்டத் தொடங்கினார். மண்டபமே எழுந்து நின்று தட்டியது. பொன்னாடை மறுபடி இறுகியது.