மறு கன்னம்

ஞாயிறு ஆராதனைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சபையை ஒட்டிய பாஸ்டர் வீட்டில் மலர்கொடி தண்ணீரைக்கூட விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது.

மீன்சுருட்டியில் முதல் பஸ்ஸைப் பிடித்து, ஜெயங்கொண்டத்தில் மாறி, திருமானூர் வந்து சேர்ந்திருந்தாள். காலில் செருப்பு இல்லை.

பாஸ்டர் அரியமுத்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த வேதாகமத்தைப் பார்த்தபடியே பேசினார்.

“ஏசப்பா அடிச்சவங்கள திருப்பி அடிக்கலம்மா. சாந்தமா இருந்தாரு. நீயும் பொறுத்துப் போ. கட்டுனவன் மனசக் கர்த்தர் மாத்துவாரு.”

மலர்கொடி தலையாட்டினாள். எழுந்திருக்கப் பார்த்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரில் கை ஊன்றி நின்றாள்.

பாஸ்டரின் மனைவி செங்கமலம் ஈரத்துணியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். இருபத்தாறு வருடமாக இந்தப் பிரசங்கத்துக்கு ஆமென் சொல்லி வந்தவள். எத்தனையோ பெண்களின் தலையில் எண்ணெய் வைத்து ஜெபித்து, இதே வார்த்தையைச் சொல்லித் திருப்பி அனுப்பியவள்.

இன்று அவள் எண்ணெயை எடுக்கவில்லை. துணியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது.

மலர்கொடி கதவுக்குப் பின்னால் ஒடுங்கினாள். அவளையறியாமலே ஒரு கை முகத்தை மறைத்தது.

செங்கமலம் ஓடிப்போய் கேட்டைப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பினாள்.

“என்ன பண்ற நீ? சபைக்கு ஆளுங்க வர்ற நேரம்” என்றார் பாஸ்டர்.

“தன் மேல விழுந்த அடியத்தாங்க ஏசப்பா பொறுத்துக்கிட்டாரு. இன்னொருத்திய, போயி அடி வாங்குன்னு எங்கங்க சொன்னாரு? கோயில்ல அநியாயத்தப் பாத்தப்ப சவுக்கத்தானங்க எடுத்தாரு?”

பாஸ்டர் வேதாகமத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

கேட் அதிர்ந்தது. பூட்டைக் கல்லால் இடிக்கும் சத்தம். சீக்கிரமே ஜெபத்துக்கு வந்த இரண்டு பெண்கள் எதிர்ச்சாரியிலேயே நின்றுவிட்டார்கள்.

செங்கமலம் போனை எடுத்து மகளிர் போலீசுக்கு அடித்தாள்.

மறுமுனையில் ஒரு பெண் குரல். விலாசம் கேட்டது, சொன்னாள். அடித்தவன் பெயரைக் கேட்டது.

“கலைச்செல்வன்.”

பாஸ்டர் போனைப் பிடுங்கக் கையை நீட்டினார். அவள் விலகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“அந்த ஆளு உங்களுக்கு என்ன வேணுங்க?” என்று கேட்டது குரல்.

செங்கமலம் முந்தானையிலிருந்த சாவியை இறுக்கிப் பிடித்தாள்.

“நாந்தாங்க பெத்தவ” என்றாள் செங்கமலம்.