கடல் பக்கத்துக் கதவு

“இந்த வழியா வரக் கூடாதும்மா. இது வெளியே போற வாசல். உள்ளே வர்றதுக்குத் தெருப் பக்கம் போங்க.”

சொன்னவர் அருங்காட்சியகத்துக் காவலர். கடலைப் பார்த்த அந்தப் பெரிய மரக்கதவுக்கு நடுவில் கால் பரப்பி நின்றார். மீசையைப் பார்த்தாலே பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள்.

“டிக்கெட் இருக்குங்கய்யா,” என்றாள் அவள். “ஆனா நாங்க இந்தக் கதவு வழியாத்தான் வரணும்.”

“எல்லாரும் அந்தப் பக்கமா வந்து இந்தப் பக்கமா போறாங்க. உங்களுக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?”

கூட வந்த அண்ணன் அவள் காதோரம் முணுமுணுத்தான். “பேசாம சுத்திக்கிட்டுப் போயிடலாம் வா. இந்த மீசையோட யாரு மல்லுக்கு நிக்கிறது?”

அதெப்படிப் போக முடியும்? இந்த ஒரு கதவுக்காகத்தானே கடல் தாண்டி வந்திருக்கிறாள்!

வெள்ளைக்காரன் காலத்தில் அந்தக் கட்டடம் சரக்குக் கிடங்கு. மிளகும் துணியும் ஏற்றின அதே கப்பல்களில் மனுஷர்களையும் ஏற்றினார்கள். எங்கேயோ ஒரு தீவில் இறக்கி, கரும்புத் தோட்டத்துக்கு விற்றார்கள். அப்படி விலை போனவர்களில் ஒருத்தி வழியில் வந்ததுதான் இவள் குடும்பம்.

“எங்க அப்பா முடி வெட்டுறவருங்கய்யா. கத்தரிக்கோலைக் கையில எடுத்தா இந்தக் கதவைப் பத்தித்தான் பேச்சு. ‘நம்மள வெளியே தள்ளின கதவு அங்கே இருக்கு. அது வழியா உள்ளே நுழைஞ்சாத்தான் நாம திரும்பி வந்ததா அர்த்தம்’னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. முடி வெட்டிக்க வர்றவங்களுக்கெல்லாம் மனப்பாடம். போன வருஷம் கண்ணை மூடிட்டாரு. கடைசி வரைக்கும் அந்த ஏக்கம் தீரல. நாளைக்கு நாங்க ஊருக்குத் திரும்பணும். இன்னைக்கு விட்டா இல்லைங்கய்யா.”

காவலர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“நீங்க ரெண்டு பேருதானா?”

“வர முடிஞ்சது நாங்க ரெண்டு பேருதான்.”

“படிக்குக் கீழே இறங்கி நில்லுங்க.”

இறங்கினார்கள். அவ்வளவுதான். படாரென்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டார்!

அண்ணனுக்கு ரத்தம் கொதித்தது. “பாத்தியா திமிரை! மூஞ்சியில அடிச்ச மாதிரி சாத்துறான். அந்தக் காலத்துல இங்க சவுக்கோட நின்னவன் வாரிசா இருப்பான்!”

அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. மறுபடி படியேறிக் கதவில் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் மரம் சுட்டது. கையை எடுக்க மனசு வரவில்லை.

“இவ்வளவு கிட்ட வந்துட்டோமே அண்ணா... அப்பா இருந்து கேட்டா என்ன பதில் சொல்றது?”

உள்ளே காவலரின் அதட்டல் கேட்டது. “கிளம்புங்க, கிளம்புங்க! மிச்சத்தை அப்புறம் பாக்கலாம். அந்தப் பக்கமா போங்க!” திமுதிமுவென்று காலடிச் சத்தம் விலகிப் போனது.

“உள்ளே இருக்கிறவங்களையும் விரட்டுறான் பாரு. நாம கேட்டது அவ்வளவு பெரிய குத்தமாப் போச்சு,” என்று அண்ணன் பல்லைக் கடித்தான். “வா, முன்பக்கம் போய் மேலதிகாரிகிட்ட ஒரு புகார் கொடுக்கலாம். இவன் வேலைக்கு உலை வெச்சுட்டுத்தான் மறுவேலை.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பின்னால் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவின் இரண்டு பக்கமும் அகலத் திறந்தன.

உள்ளே பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. டிக்கெட் கொடுக்கிற அம்மா, கூட்டிப் பெருக்குகிறவர், தெருப் பக்கத்து டீக்கடைக்காரர் எல்லாரும் வரிசையாக வாசலைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்கள். காவலர் தொப்பியைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார்.

“திறந்து கிடக்கிற கதவுல வேடிக்கை பாக்க வந்தவங்க நுழையலாம். வீட்டுக்குத் திரும்பி வர்றவங்களுக்கு உள்ளேயிருந்து ஒருத்தர் திறந்துவிட்டுக் கூப்பிட வேண்டாமா? அதான் சாத்தினேன். உள்ளே வாம்மா தங்கச்சி.”