மூன்றாவது கவர்

குப்பை அள்ளும் டெண்டருக்கு மூன்று கவர்கள் வந்திருந்தன. நகராட்சி குமாஸ்தா முதல் கவரைப் பிரித்ததுமே மூன்றாவது கவர்க்காரருக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"முத்திரை இல்ல. தள்ளுபடி."

"நல்லாப் பாத்துட்டீங்களா சார்?"

"என் வேலையே அதான். நீங்க தண்ணி குடிங்க."

இரண்டாவது கவரில் கையெழுத்தே இல்லை. மூன்றாவதில் எல்லாம் சரியாக இருந்தது.

"டெண்டர் உங்களுக்குத்தான். நாளைக் காலையில குப்பை அள்ளலேன்னா கேஸ் போடுவோம். வாடகை வண்டி செல்லாது. உங்க பேர்ல லாரி எத்தனை?"

அவர் பக்கத்திலிருந்த மச்சானின் காதருகே குனிந்தார். இரண்டாவது கவர் அவனுடையது. ஆறு லாரியும் அவனுடையதுதான்.

"மூணு கவர் சேந்தாதான் பிரிப்பாங்க, ஒப்புக்கு ஒண்ணு போடுங்க மாமான்னு சொல்லிட்டு, நீ கையெழுத்துப் போட மறந்துட்டியேடா. எங்கிட்ட இருக்கறது தையல் மெஷின்டா."