மாடியில் எலி

ஷியாம்பஜாரில் எலி பிடிக்கும் கோபேனை லாஹிரி பாபு அவசரமாக வரவழைத்திருந்தார்.

"மாடியில ஓயாம சுரண்டற சத்தம். நிச்சயம் எலிதான்."

கோபேன் கீழ்வீடு முழுக்க டார்ச் அடித்துப் பார்த்தான். "புழுக்கை இல்ல, அரிசி மூட்டையில பல் தடம் இல்ல. எலி ஓடற வீடுன்னா சுவரோரமா அழுக்குக் கோடு விழுந்திருக்கும். அதுவும் இல்லையே, பாபு!"

"மாடியைப் போய்ப் பாருடா. அதுக்குத்தானே கூப்பிட்டேன்!"

"நீங்களும் வாங்களேன்."

"நீ போ."

அவன் இறங்கி வரும்வரை பாபு படிக்கட்டின் அடியிலேயே நின்றார்.

"மேலயும் எலி இல்ல. ஒரு அம்மா அம்மியில கடுகு அரைக்கறாங்க, அதுதான் சத்தம். யாரு, குடியிருக்கறவங்களா?"

"என் பெண்டாட்டி."

கோபேன் திகைத்தான்.

"மகன் செத்தப்போ ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டுக்கிட்டோம். அவ மாடிக்குக் குடிபோயிட்டா. அதுக்கப்புறம் பேச்சும் இல்ல, முகம் பார்க்கறதும் இல்ல."

"அப்போ அது அம்மிச் சத்தம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா இப்போ கூடவே இருமலும் கேக்குது." பாபு குரலைத் தாழ்த்தினார். "நீ பார்த்தியே... எப்படி இருக்கா?"